விபுலானந்த அடிகளாரும் ஆங்கிலக் கல்வியும்

ஈழத் தமிழகத்திலே கடந்த நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞருள் சுவாமி விபுலானந்த அடிகளாரை அறியாதார் இலர். யாழ் நூல் இயற்றிய இசை ஆராய்ச்சியாளர் என்றும், சர்வகலாசாலைகள் இரண்டில் முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர் என்றும், இராமகிருஷ்ண சங்கத்துத் துறவி என்றும் அவரை நம் முன்னோர் பலபடப் போற்றியுள்ளனர். ஆயின், தமிழ்ப் பிள்ளையொன்று பிறமொழியை எவ்வாறு கற்றல் வேண்டும் என்னும் கேள்விக்கு அப்பெரியாரின் வாழ்க்கையே ஒரு விடையாக அமைந்துள்ளது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த ஒரு பகுதியை மாத்திரம் இம்மலரிலே எடுத்துரைக்க விரும்புகிறோம். அறிந்த பெரியோர் பிழை பொறுப்பாராக.

எமது குறை

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் எம்முடைய குறையே. யாம் மிஷன் மரபிலே வந்த பாடசாலையொன்றிற் கற்றவர். ஆங்கிலப் பாடம் அங்கே ஒழுங்காகவே நடந்தது. விதிகளை மனனஞ் செய்தோம், வெற்றிடங்களை நிரப்பினோம், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினோம். பரீட்சையில் நல்ல பெறுபேறும் கிடைத்தது. சர்வகலாசாலையிற் புகுந்த முதல் வாரத்தில் விரிவுரையாளர் ஒருவர் எம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். விடை தெரிந்திருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. பத்தாண்டு படித்த மொழி பத்துச் சொல்லுக்கு உதவவில்லை.

அதனினும் பெரிய வெட்கம் விடுமுறைக்குத் தம்பலகாமம் வந்தபோது உண்டாயிற்று. என்ன படிக்கிறாய் பிள்ளை என்று அம்மம்மா கேட்டார். படிப்பதைத் தமிழிலே அவருக்கு விளங்கும்படி சொல்லவும் எம்மால் இயலவில்லை. ஒரு மொழி நாவில் ஏறவில்லை. மற்றொரு மொழி நாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலை எமக்கு மாத்திரம் உரியதன்று என்பதை எம் வயதொத்த அன்பர்கள் அறிவர். அக்காலத்திலேதான் அடிகளாரின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்பு பரீட்சைக்காகப் படித்த அதே வரலாறு இப்பொழுது வேறொன்றாகத் தோன்றிற்று.

பிறப்பும் இளமைக் கல்வியும்

அடிகளார் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மட்டக்களப்புக்குத் தெற்கேயுள்ள காரைதீவு என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். வயலும் கடலும் சூழ்ந்த அவ்வூரிலே, குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்து, தமிழிலக்கண இலக்கியங்களையும் வடமொழியின் தொடக்கத்தையும் இளமையிலேயே கற்றார்.

பின்னர் கல்முனையிலிருந்த வெஸ்லியன் மிஷன் ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தார். அதன்பின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரிக்குச் சென்றார். அக்காலத்திலே மட்டக்களப்பு, திருக்கோணமலைப் பகுதியின் கத்தோலிக்க மறைப்பணி பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த இயேசு சபையாரிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. இங்கே கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. அத்துறவியர் பலருக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்த மொழியன்று. தாமும் வருந்திக் கற்றுக்கொண்ட மொழியே. பிறமொழியைக் கற்றுத் தேர்ந்தவரிடமே நம் மயில்வாகனனும் பிறமொழியைக் கற்றார். ஆங்கிலேயனாகப் பிறந்தவனே ஆங்கிலங் கற்பிக்கத் தக்கவன் என்று மயங்குவோர் இதனைச் சிந்திப்பாராக.

1908 ஆம் ஆண்டில், பதினாறு வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் அவர் சித்தியெய்தினார். ஆங்கிலத்தோடு இலத்தீனும் பயின்றார். அதேவேளை தமிழ்ப் படிப்பைக் கைவிடவில்லை. பகலில் ஆங்கிலப் பாடசாலை. மற்றை வேளையில் தமிழ்ப் புலவர்களின் திண்ணை. இந்த இரட்டைக் கல்வி அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அக்கால நிலை

அடிகளார் இளைஞராயிருந்த காலத்தில் இலங்கையிலே பாடசாலைகள் இருவகையாயிருந்தன. ஊர்ப்பிள்ளைகளுக்குச் சுயபாஷைப் பாடசாலை. பணமுள்ளவர் பிள்ளைகளுக்குக் கட்டணம் அறவிடும் ஆங்கிலப் பாடசாலை. உத்தியோகத்தின் வாயில் ஆங்கிலத்தால் அமைந்திருந்தது. ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷன்களின் கையில் இருந்தமையால், சைவப் பெற்றோர் இரண்டிலொன்றைத் தேர வேண்டியிருந்தது: பிள்ளைக்கு ஆங்கிலமா, பிள்ளையின் சமயமா?

இந்த இக்கட்டை முதலில் உணர்ந்தவர் ஆறுமுக நாவலர். அவர் 1872 இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். பொருளின்மையால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் அவ்வெண்ணமே பின்னர் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக உருப்பெற்றது. கிழக்கு மாகாணத்திலோ அத்தகைய வசதி அரிதாயிருந்தது. துறைமுகமும் கடற்படைத் தளமும் அமைந்த நம் மாவட்டத்தார்க்கு ஆங்கிலம் பெரும்பாலும் அதிகாரத்தின் மொழியாகவே அறிமுகமாயிற்று. கடற்படைத் தளம் 1957 இல் இலங்கையின் கைக்கு வந்தது. அம்மொழியைக் கண்டு அஞ்சும் அச்சமோ இன்னும் நம் வகுப்பறைகளை விட்டு நீங்கவில்லை.

ஆசிரியத் தொழில்

மயில்வாகனனார் தாம் படித்த கல்லூரியிலேயே சிலகாலம் ஆசிரியராயிருந்தார். 1911 இல் கொழும்பு ஆங்கில ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து இரண்டாண்டு பயின்றார். கொழும்பிலே தென்கோவைக் கந்தையாபிள்ளையிடம் சங்கநூல்களைப் பாடங்கேட்டார். 1916 ஆம் ஆண்டு அவர் வாழ்விலே குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறிய முதல்வர் அவரே. ஒரே ஆண்டில், ஆங்கிலத்திலே விஞ்ஞானமும் தமிழிலே பண்டிதமும்! ஒன்றைப் படித்தால் மற்றொன்று கெடும் என்று இன்று நம்மிடையே சொல்வோர் இந்த ஓராண்டை நினைவிற் கொள்க.

1917 இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் சர்வகலாசாலையின் பி. எஸ்சி. பட்டமும் பெற்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வெஸ்லியன் பாடசாலையிலும் கத்தோலிக்கக் கல்லூரியிலும் தாம் பெற்றதை இந்துக் கல்லூரியிலே கொண்டுவந்து வழங்கினார். மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு இந்து வாலிபரிடையே என்ன இடம் என்று யாம் ஒருகால் கூச்சப்பட்டதுண்டு. அடிகளாரின் வரலாறு அக்கூச்சத்தைப் போக்கிற்று. கல்வியைத் தந்த கைக்கு நன்றி செலுத்துவதும், பெற்ற கல்வியைத் தன் மக்களுக்குப் பகிர்வதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல.

துறவும் திருக்கோணமலையும்

1922 இல் அதிபர் பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயருடன் பயின்று, 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். அங்கேயும் இருமொழிப் பணியே அவரை வந்தடைந்தது. இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராயிருந்தார். சுவாமி விவேகானந்தரின் கருமயோகம், ஞானயோகம் முதலிய ஆங்கிலச் சொற்பொழிவுகளைத் தமிழாக்கினார்.

1925 இல் இலங்கைக்குத் திரும்பினார். 1897 இல் தொடங்கப்பெற்ற திருக்கோணமலை இந்துக் கல்லூரி அவ்வாண்டிலே இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தது. அடிகளார் சிலகாலம் அதன் அதிபராக இருந்து நடத்தினார். நம் மாவட்டத்து மக்களுக்கு இது பெரும்பேறு. கோணேசர் சந்நிதிக்கு அணித்தாய், சைவச் சூழலை விட்டு நீங்காமலே, பிள்ளைகள் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்கும் வாயில் விரிவாகத் திறந்தது. 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். நாவலர் தொடங்கி, பொருளின்மையால் நின்றுபோன எண்ணம் கிழக்கிலே இவ்வாறு நிறைவெய்தியது.

மதங்க சூளாமணி

அடிகளார் பிறமொழியை எவ்வாறு கையாண்டார் என்பதற்குச் சிறந்த சான்று மதங்க சூளாமணி என்னும் நூல். 1924 இல் மதுரைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவே அந்நூலுக்கு வித்து. நூல் 1926 இல் வெளிவந்தது. அது மூன்று பகுதிகளையுடையது. முதலாவது உறுப்பியல், நாடகத்தின் இலக்கணத்தைப் பழந்தமிழ் நூல்களைக்கொண்டு ஆராய்வது. இரண்டாவது எடுத்துக்காட்டியல்; ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து விளக்குவது. மூன்றாவது ஒழிபியல், வடமொழித் தசரூபகத்தின் வழிநின்று நாடக இலக்கணங் கூறுவது.

இந்த வைப்பு முறையை ஊன்றி நோக்குக. ஷேக்ஸ்பியரை அவர் நேரே கொண்டுவந்து நம்முன் நிறுத்தவில்லை. முதலில் நம் வீட்டை விளக்கிக் காட்டுகிறார். மெய்ப்பாடுகளையும் கூத்தின் உறுப்புக்களையும் நமக்கு நினைவூட்டுகிறார். அதன்பின்னரே விருந்தினரை உள்ளே அழைக்கிறார். வந்த விருந்தினரும் நம்மூர் உடையிலே வருகின்றனர். மக்பெத் மகபதி ஆகிறான். ரோமியோவும் யூலியற்றும் இரம்மியனும் சுசீலையும் ஆகின்றனர். ஆங்கிலச் செய்யுள்கள் தமிழ் யாப்பிலே நடக்கின்றன. பெயரை மாற்றியது விளையாட்டுக்காக அன்று. பிறமொழியிலே உள்ள பொருளைத் தன் மொழியிலே மறுபடி பிறப்பிக்க வல்லவனே அதனை உண்மையாக விளங்கிக்கொண்டவன். அவ்வாறு செய்வதற்கு இரண்டு மொழியிலும் கால் ஊன்றி நிற்றல் வேண்டும்.

அந்நூல் வெளிவந்த அதே 1926 இல், வங்காளத்து டாக்கா நகரில் ஆசிரிய கலாசாலை அதிபராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், இருமொழிக் கல்வி பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். வங்காளப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது ஆங்கிலத்தை விளங்கி வாசிக்கும் ஆற்றலே என்பது அவர் முடிபு. அளவான சொற்களைக்கொண்ட எளிய வாசிப்பு நூல்களையும் அவர் எழுதினார். ஐரோப்பாவிலோ, இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் கொண்டு பிறமொழி கற்பிக்கும் பழைய முறைக்கும், தாய்மொழியை வகுப்பிலே வழங்காது பேச்சாலேயே கற்பிக்கும் நேர்முறைக்கும் இடையே பல ஆண்டுகளாக வாதம் நடந்துகொண்டிருந்தது. அடிகளார் அவ்வாதத்திற் புகுந்தவரல்லர். ஆனால் அவர் நூலைக் கற்போர்க்கு ஒன்று தெளிவாகும். தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டியதில்லை. அதனை இலக்கண விதியை ஒப்பிக்கும் கருவியாகவும் ஆக்க வேண்டியதில்லை. அது பிள்ளை நிற்கும் நிலம். அந்நிலத்தில் நின்றுகொண்டே அடுத்த கரையை எட்டலாம்.

கொண்டுவந்த செல்வம்

பிறமொழி கற்றவன் கற்றதைத் தன்னோடு வைத்திருத்தல் அறமன்று. அடிகளார் ஆங்கிலத்தாற் பெற்றதையெல்லாம் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைச் சர்வகலாசாலையில் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1936 இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றைத் தமிழிலே கற்பிக்கச் சொற்கள் வேண்டும். அச்சொற்களை ஆக்குவதற்கு அக்கலைகளையும் அறிந்து தமிழையும் அறிந்தவர் வேண்டும். விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் பெற்றவர் அவையிலே தலைமை வகித்தது பொருத்தமன்றோ?

பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதியிலே தங்கி, பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். தமிழுக்குப் பிறநாட்டுச் செல்வத்தைக் கொணர்ந்தவர், நம் நாட்டுச் செல்வத்தை ஆங்கிலத்தின் வழியே உலகுக்கு அனுப்பினார். 1943 இல் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. சிலப்பதிகாரத்து இசைக் குறிப்புக்களும், ஆங்கிலத்தில் அவர் கற்ற ஒலியியலும் கணிதமும் அந்நூலிலே கைகோத்து நிற்கின்றன. ஒரு மொழி மாத்திரம் அறிந்தவரால் அந்நூலை எழுதியிருக்க முடியாது. அரங்கேற்றம் நடந்து சில வாரங்களில், 1947 ஜூலை 19 ஆம் நாள், அடிகளார் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் முன்னே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் நடந்து செல்லும் வழியருகே உறங்குவது ஓர் ஆசிரியருக்கு ஏற்ற இடமேயாகும்.

நாம் செய்யத்தக்கது

அடிகளார் மறைவதற்கு ஈராண்டு முன்னே, 1945 இல், இலவசக் கல்வி இந்நாட்டிலே வந்தது. ஆங்கிலத்துக்குக் கட்டணங் கட்டும் காலம் போயிற்று. இன்று ஆங்கிலம் எல்லாப் பாடசாலைகளிலும் பாடமாக உள்ளது. அரசியலமைப்பிலே இணைப்பு மொழியென்னும் இடமும் பெற்றுள்ளது. சமயத்தை விட்டால்தான் ஆங்கிலம் என்னும் நிலையும் இல்லை. தடைகள் யாவும் நீங்கியபின்னும் நம் கிராமத்துப் பிள்ளை ஆங்கில ஆசிரியரைக் கண்டதும் தலை குனிவதேன்?

கடந்த விடுமுறையில் எம் வீட்டு விறாந்தையிலே அயற்பிள்ளைகள் ஒன்பதின்மரைக் கூட்டிவைத்து ஆங்கிலஞ் சொல்லிக்கொடுக்க முயன்றோம். முதல் மூன்று நாளும் யாம் கற்ற விதமாகவே கற்பித்தோம். நாலாம் நாள் நால்வரே வந்தனர். அன்று புத்தகத்தை மூடிவைத்து, நேற்று வயலிலே என்ன நடந்தது என்று தமிழிலே கேட்டோம். பிள்ளைகள் போட்டியிட்டுச் சொன்னார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்தது, வரம்பு உடைந்தது, மாமா மண்வெட்டியோடு ஓடினார் என்று கதை வளர்ந்தது. தமிழிலே கதை முழுமையானபின், அதனையே ஆங்கிலத்திற் சொல்வோம் என்றோம். வரம்புக்கு அகராதியிலே ஒரு சொல் கிடைத்தது. ஆனால் நண்டு வளை தோண்டியதால் வரம்பு இளகிப்போகும், மழையில் நடந்தால் கால் வழுக்கும் என்பதை அகராதி சொல்லவில்லை. அதனை ஒரு சிறுவன் தானே மூன்று சிறு வாக்கியங்களிற் சொன்னான். வாக்கியங்களிற் பிழையிருந்தது, குரலிலே அச்சம் இருக்கவில்லை. பிழையைப் பின்னர் திருத்திக்கொண்டோம். மறுநாள் ஒன்பதின்மரும் வந்தனர்.

மகபதியையும் சுசீலையையும் படைத்த அறிஞரின் வழியையே, எமது சிற்றறிவுக்கு எட்டிய அளவில், அவ்விறாந்தையிலே பின்பற்றினோம். முதலில் நம் வீடு, பின்னர் விருந்தினர். இதில் எமக்கும் பயனுண்டாயிற்று. பிள்ளைகளுக்கு விளக்குவதற்காகத் தமிழிற் சிந்தித்த பழக்கம், அம்மம்மாவுக்கு எம் படிப்பை விளக்கும் ஆற்றலையும் தந்தது. சர்வகலாசாலையிலே, பிழையோடேனும், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கும் துணிவும் வந்தது.

ஆகவே நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பஞ் செய்கிறோம். வாசிகசாலையிலே வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கப்படுமாயின் நன்று. சர்வகலாசாலைகளிலும் ஆசிரிய கலாசாலைகளிலும் பயிலும் நம்மூர் இளைஞர் விடுமுறைதோறும் முறைவைத்து வந்து பிள்ளைகளோடு அமரலாம். பெரிய பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும், எளிய கதைப் புத்தகங்கள் சிலவும், நல்ல அகராதி ஒன்றும் போதும். நம்மோடு ஒரே குளத்து நீரில் வயல் செய்யும் சிங்கள அயலாரின் மொழியையும் இவ்வாறே கற்கலாம். பெரியோர்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பிள்ளை பிழையாகப் பேசும்போது சிரியாதிருத்தல். சிரிப்பு ஒன்றே பல பிள்ளைகளின் வாயைப் பூட்டியிருக்கிறது. எம் வாயையும் அதுவே பூட்டிற்று.

காரைதீவு வயலோரத்திலே எழுத்தறிந்த ஒரு சிறுவன், ஷேக்ஸ்பியரைத் தமிழிலே நடமாடச் செய்தான். தம்பலகாமத்து வயலோரத்திலும் அத்தகைய சிறுவர் சிறுமியர் இருப்பர். அவர்களுக்கு ஒரு விளக்கும் ஒரு பாயும் இட்டுவைப்பதே அடிகளாருக்கு நாம் சூட்டும் மாலையாகுக. ஆதி கோணநாயகர் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.